கம்பி நீட்டிய பாப்பா

"வளரும் எலும்பினுள் கம்பி வைக்கப்பட்ட குழந்தையை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வளர்ச்சி முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவழைத்து, இடுப்பு முதல் முழங்கால் வரை ஒரே படத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தை வரவில்லை என்றால், வராத காரணத்தை மருத்துவரே விசாரித்து அறிய வேண்டும்."

எங்கள் எலும்பு மருத்துவப் பிரிவின் நடைமுறைக் குறிப்பில் இப்படி ஒரு விதி இருந்தது. முதல் வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். இரண்டாவது வாக்கியம் பக்கத்தின் மறுபுறத்தில் அச்சாகியிருந்ததால் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பிரிவின் ஆண்டு மலருக்காக இளைய மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "மேடம், எலும்பு ஒடியிற நோய் இருக்கிற குழந்தைங்களுக்கு வைக்கிற கம்பியில வர்ற காம்ப்ளிகேஷன் பத்தி ஒரு கட்டுரை வேணும். ரொம்பப் பெருசா வேணாம்." கம்பி வளையும், முறியும், நகரும், சீழ் பிடிக்கும், எலும்பு வளர்ந்த பின் குட்டையாகிப் போகும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அந்தப் பட்டியல் எல்லாப் பாடநூலிலும் உண்டு. எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு காரணத்தை நான் பார்த்திருக்கிறேன். அது இலக்கணம்.

நான் படித்துத் தேறிய கதையைச் சுருக்கிவிடுகிறேன். எலும்பு மருத்துவத்துக்குப் பெண்கள் வராத காலம். நேர்முகத் தேர்வில் "சுத்தியல் தூக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்கள். தூக்கியும் காட்டினேன். அதற்குப் பிறகு நோயாளிகளில் பாதிப் பேர் என்னை சிஸ்டர் என்றார்கள்; மீதிப் பேர் நான் பரிசோதித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "டாக்டர் எப்ப வருவாரு?" என்றார்கள். வேலை சிதம்பரத்தில், வீடு கடலூரில். சனிக்கிழமைகளில் கடலூர் முதுநகரில் ஒரு சிறிய இலவச கிளினிக்கில் உட்காருவேன். சிதம்பரத்துக்கு வர முடியாதவர்கள் அங்கே வருவார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் சபாநாயகம். எக்ஸ்ரேயைப் பார்க்க விளக்குப் பெட்டி இருந்தும், ஜன்னல் அருகே போய் வானத்துக்கு நேராகப் பிடித்துத்தான் பார்ப்பார். படத்தைப் பார்க்கும்போது பேச மாட்டார். பார்த்து முடித்ததும் பேச விடமாட்டார். ஆனால் அவருடைய தனி முத்திரை ஒரே ஒரு கேள்வி. யார் என்ன சொன்னாலும், "யாருக்கு?" என்பார்.

"சார், நேத்து பண்ண கேஸ்ல ஒரு காம்ப்ளிகேஷன்."

"யாருக்கு? கம்பிக்கா, எலும்புக்கா, ஒனக்கா?"

இது ஏதோ நகைச்சுவை என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் அவர் அதே முகத்தோடு பதிலுக்குக் காத்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பை விழுங்குவார்கள். கம்பி வளைந்தது என்றால் அது கம்பியின் பிரச்சினை. குழந்தை ஓடிக்கொண்டிருந்தால் வளைந்த கம்பியைத் தொடாதே. கம்பி நேராக, அழகாக இருக்கிறது, ஆனால் குழந்தையால் உட்கார முடியவில்லை என்றால் அது குழந்தையின் பிரச்சினை. அழகான படத்தை மறந்துவிடு. இதைத்தான் அந்த ஒற்றைச் சொல்லால் கேட்டார். எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

2004-ல் பவித்ரா வந்தாள். ஐந்து வயது. நெல்லிக்குப்பத்தில் அப்பா கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அம்மா அஞ்சலை அவளை ஒரு தலையணையின் மேல் கிடத்தி, தலையணையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். கையால் தூக்கினால் எங்காவது ஒடியும் என்பதை அஞ்சலைக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பிள்ளையின் அழுகை சொல்லித் தந்திருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதி லேசாக நீலம் பாய்ந்திருந்தது. இந்த நோயின் அடையாளம் அது. எலும்புக்கு உறுதி தரும் புரதம் பிறவியிலேயே சரியாக அமையாததால், இருமினால் விலா எலும்பும் புரண்டு படுத்தால் தொடை எலும்பும் ஒடியும். ஒடிந்த எலும்பு கூடிவிடும். ஆனால் கோணலாகக் கூடும். கோணல் மறுபடி ஒடியும். பவித்ராவின் வலது தொடை எலும்பு வில் போல வளைந்திருந்தது.

இதற்கு மருந்து ஓரளவுதான் உதவும். வளைந்த எலும்பைப் பல துண்டுகளாக வெட்டி, நேராக அடுக்கி, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்திக் கோர்த்துவிடுவது எங்கள் வேலை. அவளுடைய அப்பாவுக்கு நான் இதைப் படம் போட்டு விளக்கினேன்.

"கரும்பக் கணு கணுவா வெட்டி ஒரு குச்சியில சொருவற மாதிரிங்களா?" என்றார்.

"அதேதான்."

"கரும்பு அப்பால ஒட்டாதுங்களே."

"எலும்பு ஒட்டும். நமக்குக் கடவுள் குடுத்த சலுகை."

அறுவை அரங்கில் இந்தக் குழந்தைகளுக்கென்று தனி நடைமுறை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை வழக்கம்போல இறுக்கினால் கை எலும்பு ஒடியும். எனவே கைக்கு முதலில் பஞ்சுச் சுற்று. குழந்தையை யாரும் தூக்கக் கூடாது. அடியில் இருக்கும் விரிப்பை நான்கு மூலையிலும் பிடித்துத் தூக்க வேண்டும். காலை இழுத்துப் பிடிக்கும் உதவி மருத்துவரின் விரல்களை சபாநாயகம் சார் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "புடிக்காத. தாங்கு." எலும்பை வெட்ட உளியும் சுத்தியலும் வேண்டாம், மெல்லிய துளைகளை வரிசையாகப் போட்டு, அந்த வரிசையில் அது தானே பிரிய விட வேண்டும். துளையிடும்போது ஊறிய பிஸ்கட்டில் ஊசி இறங்குவது போலிருக்கும். எலும்பு என்பதன் கடினத்தை நம்பியே பயின்ற கைக்கு அந்த மென்மை பயம் தரும். கம்பியின் மேல்முனையில் ஒரு சிறு கொக்கி உண்டு. அது இடுப்பருகே எலும்பின் உச்சியில் மாட்டிக்கொண்டு நிற்கும். கீழ்முனை முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. சில மாதத்தில் பவித்ரா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கம்பியில் ஒரு நகைமுரண் உண்டு. சிகிச்சை வெற்றி பெற்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். குழந்தை வளரும், கம்பி வளராது. கீழே புதிதாக வளர்ந்த எலும்பு கம்பியின் பாதுகாப்பு இல்லாமல் மறுபடி வளைய ஆரம்பிக்கும். அந்த வளைவு தரும் தள்ளலில், கம்பியின் மேல்முனை கொக்கியோடு கழன்று, பின்புறச் சதைக்குள் நகரும். ஏன் சிலருக்குக் கீழே குட்டையாவதோடு நின்றுவிடுகிறது, ஏன் சிலருக்கு மேலே வெளியேறுகிறது? நான் பழைய படங்களை எல்லாம் எடுத்து வைத்து மாதக்கணக்கில் பார்த்தேன். வயதா, கம்பியின் தடிமனா, வளைவின் கோணமா? எனக்கு உறுதியாக ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தேடலைப் போல என்னை ஈர்த்த வேறொன்று என் தொழிலில் இல்லை.

இதற்குத் தீர்வாக, பழைய ரேடியோ ஏரியலைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் கம்பி வெளிநாட்டில் கிடைத்தது. எங்கள் மருத்துவமனையால் வாங்க முடியாத பொருள். சென்னையில் ஓர் அறக்கட்டளை ஏழைக் குழந்தைகளுக்கு வரவழைத்துத் தந்தது. பவித்ராவின் எலும்பை அளந்து, படங்களோடு விண்ணப்பித்து, காத்திருப்போர் வரிசையில் அவள் பெயரை ஏற்றினோம்.

2006-ல் ஒரு வாரநாளில் அஞ்சலை நெல்லிக்குப்பத்து டெலிபோன் பூத்திலிருந்து கடலூர் கிளினிக்குக்குப் பேசியிருக்கிறாள். அவள் சொன்னதை அவளே பிறகு எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "பாப்பாவுக்குக் கம்பி நீட்டிடுச்சு, என்னா செய்யறதுன்னு டாக்டரம்மாவக் கேட்டுச் சொல்லுங்க."

போனை எடுத்தவர் கிளினிக் உதவியாளர் கோவிந்தராசு. நல்ல மனிதர், சிக்கனமானவர். காகிதத்தில் மட்டுமல்ல, எழுத்திலும் சிக்கனம். ஒரு துண்டுச் சீட்டில், "நெல்லிக்குப்பம் பவித்ரா பாப்பா கம்பி நீட்டிடுச்சு" என்று எழுதி, சிதம்பரத்துக்குப் போகும் தபால் பையில் போட்டுவிட்டார். நான்காம் வேற்றுமை உருபு ஒன்றைக் காணோம். பாப்பாவுக்கு நீட்டிய கம்பி, பாப்பாவே நீட்டிய கம்பியாகிவிட்டது.

சீட்டு என்னிடம் வந்திருக்க வேண்டும். பதிவறைக்குப் போனது. அங்கே இருந்த எழுத்தருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், அதுதான் வினை. கம்பி நீட்டுவது என்றால் சொல்லாமல் ஓடிப்போவது என்று தமிழறிந்த எவரும் சொல்வார்கள். எங்கள் படிவங்களோ ஆங்கிலத்தில். அவர் அதற்குரிய கட்டத்தில் 'அப்ஸ்காண்டட்' என்று நிரப்பினார்.

அந்தச் சொல்லுக்கென்று ஒரு தனி நடைமுறை உண்டு. ஒரு நகல் அறக்கட்டளைக்குப் போனது. வரிசையிலிருந்து பவித்ராவின் பெயர் நீங்கியது. மருத்துவமனைக்குச் சொந்தமான பொருள் ஏதும் நோயாளியிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, 'கம்பி ஒன்று' என்று யாரோ நேர்மையாக எழுதினார்கள். ஆகவே இன்னொரு நகல் காவல் நிலையத்துக்குப் போனது. ஒழுங்காக நிற்கக்கூட முடியாத ஒரு குழந்தை ஓடிப்போனதாகச் சொல்லும் தாளில் மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எப்படி ஓடினாள் என்று ஒருவருக்கும் அறிய ஆவல் இல்லை.

இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை கிளினிக் மூடும் நேரத்தில், அஞ்சலை தலையணையும் பிள்ளையுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாம்மா. ஏன் இத்தன நாளா வரல?"

"போலீசு இல்லியே டாக்டரம்மா?"

"போலீஸ் ஏன் இங்க?"

"வூட்டுக்கு வந்தாங்க. ஓடிப்போன பவித்ரா எங்கன்னு கேட்டாரு ஏட்டு. இவ மல்லாட்ட ஒரிச்சித் தின்னுக்கினு குந்தியிருக்கா. இவதாங்க பவித்ரான்னேன். அவரு இவளப் பாக்குறாரு, பேப்பரப் பாக்குறாரு. அப்பால, ஆஸ்பத்திரி கம்பி ஒன்னு ஒங்க கிட்ட இருக்காமே, அத எடுங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அது இவ தொடைக்குள்ள இருக்குதுங்கன்னேன். அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. ஆனா தெருவே கூடிடுச்சு டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக் கம்பிய எடுத்துக்கினு ஓடியாந்துட்டாங்கன்னு பேசுறாங்க. திரும்பப் போனா அறுத்து எடுத்துக்குவாங்கன்னு எங்க வூட்டுக்காரரு உடமாட்டேன்னுட்டாரு. அவருக்குத் தெரியாமதான் வந்தேன்."

பவித்ராவை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். வலது பின்புறத்தில், தோலுக்கு அடியில், கொக்கியின் வளைவு அப்படியே தெரிந்தது. கூடாரத்துக்குள் கம்பு நட்டது போல் தோல் உயர்ந்து, நுனியில் வெளுத்திருந்தது. சிவந்திருந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது. தோல் எந்த நாளும் திறக்கும். திறந்தால் கிருமிக்கு அந்தக் கம்பி நேர்ச்சாலை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு எலும்பும் சீழாகும். இந்த எலும்பில் சீழ் பிடித்தால் காலைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

"பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உக்காந்தா குத்துது," என்றாள் பவித்ரா. "நான் ஒரு பக்கமா உக்காருவேன். டீச்சர் நேரா உக்காருன்றாங்க."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். கம்பி குத்துதுன்னேன். பெஞ்சுல ஆணி இருக்கான்னு பாத்தாங்க."

திங்கட்கிழமை நான் பதிவறைக்குப் போனேன்.

"சீட்டுல என்னா இருந்துச்சோ அதத்தான் மேடம் போட்டேன்," என்றார் எழுத்தர். "கம்பி நீட்டிடுச்சுன்னா என்னா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

"அந்தப் பாப்பாவால நடக்கவே முடியாதுப்பா."

"அது இந்தக் கட்டத்துல வராதே மேடம்."

திருத்த முடியுமா என்றேன். ஓடிப்போனவர் அகப்பட்டுவிட்டதாகக் காவல் நிலையச் சான்று வேண்டும், அதை வைத்துப் புதிதாகப் பதிந்து, அறக்கட்டளைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வரிசையின் கடைசியில் சேர வேண்டும் என்றார். எல்லாம் விதிப்படி சரி. விதியைப் பற்றி அவரிடம் சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை.

சீட்டையும், சனிக்கிழமையே கடலூரில் எடுக்கவைத்த எக்ஸ்ரே படத்தையும் சபாநாயகம் சாரிடம் கொண்டுபோனேன். படத்தை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சீட்டையும் அதேபோலப் பிடித்துப் பார்த்தார்.

"கம்பி நீட்டிடுச்சு," என்று படித்தார். "யாருக்கு?"

"அதத்தான் சார் யாரும் கேக்கல."

அவர் சிரிக்கவில்லை. "நீளுற கம்பி வர்ற வரைக்கும் தோலு நிக்குமா?"

"ஒரு வாரம்கூட நிக்காது சார்."

"பழசையே புடுங்கிட்டு இன்னொரு பழசு வெச்சா?"

"ரெண்டு வருசத்துல இதே இடத்துக்கு வந்து நிப்போம்."

மேசையிலிருந்து இரண்டு பென்சில்களை எடுத்தார். ஒன்றை மேலிருந்தும் மற்றொன்றைக் கீழிருந்தும் பிடித்து, நடுவில் ஒன்றோடொன்று உரசும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மெல்ல இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தார். பென்சில்கள் சறுக்கி விலகின. மொத்த நீளம் கூடியது.

"ரெண்டு ஒல்லிக் கம்பி. ஒன்னு இடுப்புல மாட்டிக்கும், இன்னொன்னு முட்டியில மாட்டிக்கும். நடுவுல ரெண்டும் ஒட்டி நிக்கும். எலும்பு வளந்தா ஒன்ன ஒன்னு தாண்டி வழுக்கும். நம்ம கிட்ட இருக்கிற சாமானே போதும்."

இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. பிற இடங்களில் செய்திருக்கிறார்கள், படித்திருந்தோம். ஆனால் எங்கள் அரங்கில் செய்ததில்லை. எனக்கு ஒரே சந்தேகம்.

"இந்தக் குறுகல் எலும்புக்குள்ள ரெண்டும் வழுக்குமா சார், சிக்கிக்குமா?"

"தெரியாது," என்றார். "தெரிஞ்சிக்க ஆசையா இருக்கு இல்ல?"

பவித்ராவின் அப்பாவிடம் நானே நெல்லிக்குப்பம் போய்ப் பேசினேன். பக்கத்தின் மறுபுறத்தில் இருந்த விதியை நிறைவேற்றியது அன்றுதான். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "பழைய கம்பிய எடுத்தப்பால ஆஸ்பத்திரிக்கே குடுத்துடுவீங்களா? ரசீது குடுப்பீங்களா?" தருவதாகச் சொன்னேன். தந்தும் விட்டோம்.

அறுவை அன்று, வெளுத்திருந்த தோலைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளிக் கீறினோம். பழைய கம்பி எந்த எதிர்ப்பும் இல்லாமல், ஈரமண்ணில் நட்ட குச்சி போல, கையோடு வந்தது. அவ்வளவு தளர்ந்திருந்தது. சுற்றிலும் சீழ் இல்லை. அந்த ஒரு கணத்தில்தான் சபாநாயகம் சார் அரங்கில் மூச்சுவிடுவதை நான் முதன்முறையாகக் கேட்டேன். கீழே புதிதாக வளைந்த இடத்தில் வெட்டி நேராக்கினோம். முதல் கம்பி மேலிருந்து சுலபமாக இறங்கியது. கீழிருந்து வந்த இரண்டாவது கம்பி, நடுவில் எலும்பு குறுகும் இடத்தில் முதலாவதை முட்டி நின்றது. அங்கே பலம் காட்டினால் எலும்பு பிளக்கும். சார் கையை எடுத்துவிட்டார். "நீ பாரு." நான் தள்ளவில்லை, கம்பியை விரல்களுக்கிடையே உருட்டினேன், பூட்டில் சாவி பொருந்தும் இடம் தேடுவது போல. ஒரு கட்டத்தில் அது தானாக விலகி, மற்றதன் பக்கமாக ஏறியது.

அதன் பின் காத்திருப்பு. மாவுக்கட்டு பிரித்து, தொடைக்குத் தாங்கு உறை போட்டு, மெல்ல நிற்க வைத்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு படம். முதல் படத்தில் இரண்டு முனைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. சிக்கிக்கொண்டதா என்று எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டாவது படத்தில் முனைகள் ஒன்றையொன்று விட்டு ஒரு நகத்தின் அகலம் விலகியிருந்தன. படத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன், விலகல் விலகல்தான். அந்த மாதம் ஓய்வு பெறவிருந்த சபாநாயகம் சார் படத்தை ஜன்னலில் வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு திருப்பித் தராமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மருத்துவமனைச் சொத்து, நான் யாருக்கும் தகவல் கொடுக்கவில்லை.

சிக்கலே இல்லை என்று எழுதினால் அது பொய். கீழ்க் கம்பியின் கொக்கி முழங்காலில் சில மாதம் உறுத்தியது. அது லேசாகச் சுழன்றதால் பாதம் சற்று வெளிப்புறம் திரும்பி நின்றது. ஆனால் தோல் முழுதாக இருந்தது. பவித்ரா பெஞ்சில் நேராக உட்கார்ந்தாள். நடைச்சட்டத்தோடு வகுப்புக்குள் நடந்து போனாள்.

இதற்கிடையே, காவல் நிலையச் சான்று வாங்கி அறக்கட்டளைக்கு நான் மறுபடி அனுப்பிய விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டு அவ்வப்போது எழுதிக்கொண்டே இருந்தேன். அறுவை முடிந்துவிட்டதையும் எழுதினேன். பதில் இல்லை.

ஒருநாள் பவித்ராவும் அஞ்சலையும் பரிசோதனைக்கு வந்திருந்தபோது, அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே அறக்கட்டளையின் கடிதம், கடிதத்தின் கீழே, கிருமி நீக்கிய உறையில், நீளும் கம்பி. விண்ணப்பத்தோடு நான் அன்று அனுப்பிய அளவுப்படி வெட்டித் தயாரித்தது. அப்படி ஒன்றை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். உள்கம்பி வெளிக்குழலுக்குள் எண்ணெய் விட்டது போலப் போய் வந்தது. அற்புதமான வேலைப்பாடு. உறையோடு அன்றைய எக்ஸ்ரேயின் மேல் வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்கு இரண்டு விரல் மேலேயே நின்றுவிட்டது. முழுதாக இழுத்தால் எட்டும்; ஆனால் இழுத்தபின் உள்ளே பிடிமானம் இருக்காது.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "நீளுற கம்பின்னீங்களே டாக்டரம்மா. இது வளரவே இல்லியே?"

"இது வளராதும்மா. பாப்பா வளந்துட்டா."

பவித்ரா நடைச்சட்டத்தை ஊன்றி எழுந்து, எக்ஸ்ரேயில் தன் காலையும் அதன் மேல் கிடந்த கம்பியையும் பார்த்துவிட்டு, "இவ்ளோண்டா இருந்தேன்?" என்றாள்.

ஆமாம் என்றேன். பெட்டியோடு வந்த ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்ட நாள் என்ற இடத்தில் எழுதினேன்: 14.07.2008.